தண்ணீர் கொண்டுவந்த டாக்டர்: டப்ளின் நாட்குறிப்பு

திங்கள்: ஓகானல் தெரு

டப்ளினின் ஓகானல் தெருவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைப் பார்க்க வருகிறார்கள். ஒன்று, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சி நடந்த தலைமைத் தபால் நிலையம். இன்னொன்று, 120 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் 'ஸ்பையர்' என்ற எஃகுத் தூண். எனக்கு இரண்டும் இரண்டாம்பட்சம். தெருவின் நடுத்திட்டில் வரிசையாக நிற்கும் சிலைகளில் மூன்றாவதாக நிற்கிறவரைத் தேடித்தான் வந்தேன்.

லிஃபி ஆற்றுப் பாலத்திலிருந்து வடக்கே நடந்தால் முதலில் டேனியல் ஓகானல். தேவதைகள் புடைசூழப் பிரம்மாண்டமாக நிற்கிறார். அடுத்து வில்லியம் ஸ்மித் ஓபிரையன், ஆயுதமேந்திக் கிளர்ச்சி செய்து நாடுகடத்தப்பட்டவர். மூன்றாவது, அபே தெருச் சந்திப்பில், டிராம் மணியடித்துக்கொண்டு குறுக்கே போகும் இடத்தில், வெள்ளைச் சலவைக்கல்லில் சர் ஜான் கிரே. அவருக்கு அப்புறம் தொழிற்சங்கத் தலைவர் ஜிம் லார்கின் இரண்டு கைகளையும் வானத்துக்கு வீசி நிற்பதால் கூட்டமெல்லாம் அங்கே போய்விடுகிறது. கிரேயின் தலையில் ஒரு கடற்பறவை உட்கார்ந்திருந்தது. நான் நின்றிருந்த நேரத்தில் அண்ணாந்து பார்த்த வேறு ஆள் யாரும் இல்லை.

பீடத்தின் எழுத்துகளைப் பொறுமையாகப் படித்தேன். பொதுமக்கள் சந்தாவில் எழுப்பியது. மருத்துவப் பட்டம் பெற்றவர், ஃப்ரீமன்ஸ் ஜர்னல் பத்திரிகையின் உரிமையாளர், கில்கென்னி நகரத்தின் நாடாளுமன்ற உறுப்பினர், டப்ளின் மாநகராட்சி குடிநீர்க் குழுவின் தலைவர். அவருடைய முயற்சியால்தான் வார்ட்ரி ஆற்றுத் தண்ணீர் நகரத்துக்கும் புறநகர்களுக்கும் வந்தது. பிறப்பு 1815 ஜூலை 13, இறப்பு 1875 ஏப்ரல் 9.

சுற்றியிருக்கும் சிலைகளெல்லாம் சுதந்திரம், கிளர்ச்சி, வேலைநிறுத்தம், தன்னாட்சி என்று பேசுகின்றன. இவர் ஒருவர்தான் குழாய்த் தண்ணீருக்காக நிற்கிறார். ஊர்க்காரர்கள் சொந்தப் பணம் போட்டு, அந்தக் காலத்தின் பெரிய சிற்பியான தாமஸ் ஃபாரலைக் கொண்டு 1879-இல் சிலை வைக்கிற அளவுக்கு ஒரு குடிநீர்க் குழுத் தலைவர் என்ன செய்திருப்பார்? இந்த வாரம் முழுக்க இதுதான் என் வேலை.

செவ்வாய்: நீதிமன்றமும் சிறைச்சாலையும்

முதலில் ஆளைப் பற்றி. மேற்கே மேயோ மாவட்டத்தின் கிளேர்மாரிஸ் ஊரில் பிறந்தவர். டப்ளின் ட்ரினிட்டி கல்லூரியில் படித்து, 1839-இல் கிளாஸ்கோவில் மருத்துவப் பட்டம் வாங்கினார். அதே ஆண்டில் கல்யாணம், டப்ளினில் மருத்துவமனை வேலை. ஒழுங்காக வைத்தியம் பார்த்திருந்தால் இன்று நான் அவரைத் தேடி வந்திருக்க மாட்டேன். இரண்டே வருடத்தில், 1841-இல், இன்னொரு டாக்டரோடு கூட்டுச் சேர்ந்து ஃப்ரீமன்ஸ் ஜர்னல் பத்திரிகையை வாங்கிவிட்டார். அரசியல் பக்கங்கள் அவர் பொறுப்பு. 1850-இல் பத்திரிகை முழுக்க அவர் கைக்கு வந்தது.

புராட்டஸ்டன்டாக இருந்தும் கத்தோலிக்கத் தலைவரான ஓகானலின் பக்கம் நின்றார். பிரிட்டனோடு அயர்லாந்தை இணைத்த 1800-ஆம் ஆண்டுச் சட்டத்தை ரத்து செய்யச் சொல்லி ஓகானல் ஊர் ஊராக மாபெரும் கூட்டங்கள் நடத்திக்கொண்டிருந்த நேரம் அது. 1843 அக்டோபரில் கிளான்டார்ஃப் கூட்டத்தை அரசாங்கம் தடை செய்தது. உடனே ஓகானலையும் அவருடைய கூட்டாளிகளையும் சதி வழக்கில் மாட்டிவிட்டது. அதில் கிரேயும் ஒருவர். வயது 28.

வழக்கு நடந்த ஃபோர் கோர்ட்ஸ் கட்டடம் லிஃபி ஆற்றங்கரையில், பச்சைக் குவிமாடத்தோடு இன்றும் நீதிமன்றமாகவே இயங்குகிறது. 1844 ஜனவரியில் விசாரணை தொடங்கியது. ஜூரியில் ஒரு கத்தோலிக்கர்கூடக் கிடையாது. ஜூரிப் பட்டியலிலேயே ஒரு பகுதி காணாமல் போயிருந்தது. விசாரணையின் நடுவே நடந்த ஒரு கூத்தைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. கிரேக்காக வாதாடிய வழக்கறிஞர் ஃபிட்ஸ்கிப்பன் ஏதோ கடுமையாகப் பேசிவிட்டார். அரசுத் தலைமை வழக்கறிஞருக்குக் கோபம் தலைக்கேறி, அங்கேயே ஒரு சீட்டு எழுதி அனுப்பினார்: சொன்னதைத் திரும்பப் பெறு, இல்லையேல் துப்பாக்கிச் சண்டைக்கு வா. ஃபிட்ஸ்கிப்பன் சீட்டை நேரே நீதிபதிகளிடம் காட்டிவிட்டார். அரசாங்கத்தின் மானம் போனது. சட்டத்தைக் காப்பாற்ற வந்தவரே சட்டவிரோதமான சண்டைக்கு ஆள் கூப்பிட்டால் பார்க்கிறவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

ஆனாலும் தண்டனை வந்தது. மே 30 அன்று சிறைக்கு அனுப்பினார்கள். கிரேக்கு ஒன்பது மாதம். அடைத்தது ரிச்மண்ட் பிரைட்வெல் சிறையில். மதியம் தெற்கு சர்க்குலர் சாலையில் பஸ் பிடித்து அங்கே போனேன். சிறை பிற்பாடு ராணுவ முகாமாகி, இப்போது ஒரு தனியார் கல்லூரி. கையில் காபியோடு மாணவர்கள் போய்வந்து கொண்டிருந்தார்கள். 'தீமை செய்வதை விடு, நன்மை செய்யக் கற்றுக்கொள்' என்று பைபிள் வாசகத்தை வாசலில் பொறித்திருந்த சிறை அது. உள்ளே ஒன்றும் கொடுமை நடந்துவிடவில்லை. சிறை அதிகாரிகளின் வீடுகளிலேயே தங்கவைத்தார்கள். தோட்டம், விருந்து, வரிசையாகப் பார்வையாளர்கள். செப்டம்பரில் லண்டனில் பிரபுக்கள் சபை மேல்முறையீட்டில் தீர்ப்பையே தள்ளுபடி செய்தது. கைதிகள் ஊர்வலமாக வெளியே வந்தார்கள்.

இதே சிறைக்கு 38 வருடம் கழித்து கிரேயின் மகன் எட்மண்ட் ட்வயர் கிரேயும் வந்தார். கொலை வழக்கு ஒன்றில் ஜூரிமார்கள் ஹோட்டலில் குடித்துவிட்டுக் கும்மாளம் போட்டார்கள் என்று ஒரு கடிதத்தைத் தன் பத்திரிகையில் போட்டதற்கு நீதிமன்ற அவமதிப்புத் தண்டனை. அப்போது டப்ளின் நகரத்தின் ஹை ஷெரிஃபே அவர்தான். கைது செய்ய வேண்டியவரையே கைது செய்யவேண்டி வந்ததால் அந்த வேலை மரண விசாரணை அதிகாரி தலையில் விழுந்தது.

புதன்: மாநகராட்சி, பழைய தண்ணீர்

காலையில் டேம் தெருவில் சிட்டி ஹால். வணிகர்களின் ராயல் எக்ஸ்சேஞ்சாகக் கட்டிய கட்டடம். அதை மாநகராட்சி வாங்கி 1852-இல் குடிபுகுந்தது. அதே ஆண்டில் மொனகன் தொகுதியில் நாடாளுமன்றத் தேர்தலில் நின்று தோற்ற கிரே, டப்ளின் மாநகராட்சிக்குக் கவுன்சிலராக வந்தார். பெரிய பதவி கிடைக்காததால் சின்னப் பதவிக்கு வந்தவர் என்று சொல்லலாம். எனக்கென்னவோ அந்தத் தோல்விதான் டப்ளினுக்கு அடித்த யோகம் என்று படுகிறது.

வட்ட மண்டபத்தில் நிற்கும் சிலைகளில் ஒன்று சார்லஸ் லூக்காஸுடையது. 18-ஆம் நூற்றாண்டு மருந்துக்கடைக்காரர், அப்புறம் டாக்டர், அப்புறம் டப்ளினின் நாடாளுமன்ற உறுப்பினர். 1763-இல் தொடங்கிய ஃப்ரீமன்ஸ் ஜர்னலில் எழுதியவரும்கூட. மருத்துவம், பத்திரிகை, நகர அரசியல் என்ற பாதையைக் கிரேக்கு நூறு வருடம் முன்பே போட்டுவைத்தவர். கிரே அந்த மண்டபத்தைக் கடக்கும்போதெல்லாம் என்ன நினைத்திருப்பாரோ.

கிரே வந்தபோது டப்ளின் என்ன தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது என்று பார்க்க, பிற்பகல் பிளெசிங்டன் தெருவுக்கு நடந்தேன். தெருக்கோடியில் ஒரு இரும்புக் கேட். உள்ளே நுழைந்தால் நாலு பக்கமும் கல்கரை கட்டிய செவ்வகக் குளம், நடுவில் சின்னத் தீவு, வாத்துகள், அன்னங்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரத்தின் வடபகுதிக்காகக் கட்டிய நீர்த்தேக்கம். தண்ணீர் ராயல் கால்வாயிலிருந்து வந்தது. தென்பகுதிக்கு கிராண்ட் கால்வாய். அதாவது படகுகள் போகிற, குதிரைகள் குளம்பு நனைக்கிற, கரையோரத்துக் கழிவெல்லாம் கலக்கிற அதே கால்வாய்த் தண்ணீரைத்தான் ஊரே குடித்தது. கால்வாய்க் கம்பெனிகளுக்கு மாநகராட்சி அதற்குக் காசும் கொடுத்தது.

1832-இல் காலரா. 1849-இல், அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு மறுபடி காலரா. 1854-இல் இன்னொரு முறை. மருத்துவம் படித்த ஒரு கவுன்சிலருக்கு இது சும்மா புள்ளிவிவரமாக இருந்திருக்காது.

தண்ணீருக்காக இந்த ஊரில் அடிதடியே நடந்திருக்கிறது. 1775-இல் தன் மதுபான ஆலைக்கு வரும் வாய்க்காலை அடைக்க வந்த மாநகராட்சி ஆட்களை, பீர் புகழ் ஆர்தர் கின்னஸ் குந்தாலியைப் பிடுங்கிக்கொண்டு மிரட்டி விரட்டினார். பிளெசிங்டன் தெருத் தேக்கமும் பிற்காலத்தில் விஸ்கி ஆலைகளுக்குத்தான் போனது. 1970-கள் வரை ஜேம்சனும் பவர்ஸும் இங்கிருந்து தண்ணீர் எடுத்தார்கள். குடிக்க லாயக்கில்லாதது விஸ்கிக்கு ஆகும் போல.

வியாழன்

மழை. நாள் முழுக்க. நண்பர் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து குறிப்புகளை ஒழுங்கு பண்ணினேன். கிரேயின் நாடாளுமன்றக் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். 1865-இல் கில்கென்னி நகரத்திலிருந்து லிபரல் கட்சி உறுப்பினராக லண்டன் போனார். சாகும்வரை அந்த இடம் அவருடையதுதான். கடைசியாக 1874-இல் தன்னாட்சிக் கட்சி சார்பில் ஜெயித்தார். கத்தோலிக்கப் பெரும்பான்மை நாட்டில் ஆங்கிலிக்கன் திருச்சபை அரசுத் திருச்சபையாக இருப்பதை எதிர்த்துப் பத்திரிகையில் ஒரு விசாரணையே நடத்தினார். 1869-இல் அந்த அரசுத் தகுதியை நீக்கும் சட்டம் வந்தது. குத்தகை விவசாயிகளின் உரிமைக்காகவும் நின்றார். 1868-இல் டப்ளின் மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள், வேண்டாம் என்றுவிட்டார்.

பத்திரிகை முதலாளியே மாநகராட்சிக் குழுவின் தலைவராகவும் இருந்தது சரியா? அவர் திட்டத்துக்கு அவர் பத்திரிகையே முழங்கியது. இன்று ஒருவர் அப்படிச் செய்தால் நாம் சும்மா விடுவோமா? எனக்கு இதில் கொஞ்சம் நெருடல் உண்டு. ஆனால் எதிரே நின்றவர்கள் கால்வாய்க் கம்பெனிகளும் நிலக்கிழார்களும். அவர்களுக்கும் பேச ஆளும் பணமும் இருந்தன.

வெள்ளி: ரவுண்ட்வுட்

ஸ்டீஃபன்ஸ் கிரீன் பூங்காவின் வடபுறத்தில் நின்று செயின்ட் கெவின்ஸ் பஸ் பிடிக்க வேண்டும். க்ளெண்டலாக் மடாலயத்துக்குப் போகும் பஸ் அது. பயணிகள் எல்லாரும் அங்கே போகிறவர்கள்தான். வழியில் ரவுண்ட்வுட்டில் நான் மட்டும் இறங்கியதும் டிரைவர், "மடாலயம் இன்னும் தள்ளி இருக்கு, தெரியும்ல?" என்று கேட்டார். தண்ணீர்த் தேக்கம் பார்க்க வந்தேன் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே கதவை மூடினார்.

அயர்லாந்தின் மிக உயரமான கிராமம் எங்களுடையது என்று ரவுண்ட்வுட்காரர்கள் பெருமை பேசுவார்கள். அந்த உயரத்தில்தான் சூட்சுமமே இருக்கிறது. 1860-இல் தாமஸ் ஹாக்ஸ்லி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் பல யோசனைகளை அலசி வார்ட்ரியைத் தேர்ந்தெடுத்தார். ஜூஸ் மலையடிவாரத்தில் பிறந்து வரும் சின்ன ஆறு. மேலே தொழிற்சாலை இல்லை, நகரம் இல்லை, கருங்கல்லும் புல்வெளியும்தான். கடல்மட்டத்துக்கு 200 மீட்டருக்கு மேலே தண்ணீரைத் தேக்கினால் டப்ளின் வரை இறைக்கவே வேண்டாம், தானாக ஓடும். 1861-இல் நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. 1862-இல் வேலை ஆரம்பம். மாநகராட்சிப் பொறியாளர் பார்க் நெவில் கட்டினார்.

தேக்கத்தைச் சுற்றி நடைபாதை போட்டிருக்கிறார்கள். பைன் மரங்களுக்கு நடுவே, சேற்றில் வழுக்காமல் நடந்தால் மண் அணைக்கரைக்கு வரலாம். சுமார் 500 மீட்டர் நீளம், 20 மீட்டர் உயரம். புல் மூடிக் கிடப்பதால் மனிதர்கள் கட்டியது என்றே முதலில் தோன்றாது. காட்டிக்கொடுப்பது நீருக்குள்ளே நிற்கும் கல் கோபுரம்தான். கரையிலிருந்து அதற்கு ஒரு இரும்பு நடைபாலம். வெவ்வேறு ஆழத்திலிருந்து தண்ணீர் எடுக்கும் வால்வுகள் அதற்குள் இருக்கின்றன. மேல்தண்ணீர் பாசி பிடித்தால் கீழிருந்து எடுக்கலாம், அடித்தண்ணீர் கலங்கினால் நடுவிலிருந்து எடுக்கலாம். அந்தக் கோபுரத்தை ஒரு சின்னக் கோட்டை கட்டுவதுபோல் சிரத்தையாகக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே இருக்கப்போவது நாலு திருகு சக்கரம் என்று தெரிந்தும்.

அணைக்குக் கீழே மணல் வடிகட்டிப் படுகைகள். மெதுமணல் வடிகட்டல் என்பது கேட்க எளிமையாக இருக்கும்: பெரிய தொட்டியில் மணலைப் பரப்பி, தண்ணீரை மெல்ல மெல்லக் கீழே இறங்கவிட வேண்டும், அவ்வளவுதான். கொஞ்ச நாளில் மணலின் மேலே வழவழவென்று ஒரு படலம் வளரும். அதிலிருக்கும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் வரும் கிருமிகளைத் தின்றுவிடும். படலம் தடித்துப்போய்த் தண்ணீர் இறங்காமல் நின்றால் மேல்மணலைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால் 1860-களில் கிருமிக் கோட்பாடு இன்னும் நிலைபெறவில்லை. துர்நாற்றமே நோய் பரப்புகிறது என்றுதான் பெரும்பாலான டாக்டர்கள் நம்பினார்கள். காரணம் தெரியாமலேயே சரியானதைச் செய்தார்கள். 1892-இல் ஹாம்பர்க் நகரம் காலராவில் செத்து விழுந்தபோது, பக்கத்திலேயே எல்பே ஆற்றுத் தண்ணீரை மணலில் வடிகட்டிக் குடித்த ஆல்டோனா தப்பித்தது. அப்போதுதான் உலகம் முழுசாக நம்பியது.

வடிகட்டிய தண்ணீர் மலையைக் குடைந்த சுமார் 4 கிலோமீட்டர் சுரங்கம் வழியாக கேலோஹில்லுக்குப் போய், அங்கிருந்து 33 அங்குலக் குழாயில் ஸ்டில்லார்கன் தேக்கத்துக்கு இறங்கி, பிறகு நகரத்துக்கு. 1863 ஜூன் 30 அன்று வைஸ்ராய் கார்லைல் பிரபு இங்கே வந்து ஆற்றைப் புதுப்பாதைக்குத் திருப்பிவிட்டார். அதே இடத்தில் கிரேக்கு 'சர்' பட்டமும் கொடுத்தார். அரசிக்கு எதிராகச் சதி செய்தார் என்று 19 வருடம் முன்னால் சிறையில் போட்ட ஆளுக்கு அரசியின் பெயரால் பட்டம்! 1868 வாக்கில் டப்ளின் வீடுகளில் வார்ட்ரி தண்ணீர் ஓடியது.

அந்த வடிகட்டிகளும் சுரங்கமும் 150 வருடத்துக்கு மேல் உழைத்தன. சமீபத்தில்தான் புதிய சுத்திகரிப்பு நிலையமும் புதுச் சுரங்கக் குழாயும் போட்டு அவற்றுக்கு ஓய்வு கொடுத்தார்கள். வாத்துக்கு ரொட்டி போட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். கிரே யாரென்று அவருக்குத் தெரியவில்லை. "இந்தத் தண்ணியில டீ போட்டா மத்த ஊர் டீ வாய்க்கு வெளங்காது" என்றார்.

சனி: கிளாஸ்னெவின்

1875 ஏப்ரலில் கிரே இங்கிலாந்தின் பாத் நகரத்தில் இறந்தார். உடலை டப்ளினுக்குக் கொண்டுவந்து, பொது மரியாதையோடு கிளாஸ்னெவின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். ஓகானலின் 51 மீட்டர் வட்டக் கோபுரம் இருக்கும் அதே தோட்டம். வருகிறவர்கள் அந்தக் கோபுரத்தையும் தன்னாட்சித் தலைவர் பார்னெலின் கல்லறைப் பாறாங்கல்லையும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அவர் இறந்து இரண்டு மாதத்தில், ஜூன் 18 அன்று, லிபர்ட்டீஸ் பகுதியில் ஒரு விஸ்கிக் கிடங்கு தீப்பிடித்தது. மலையிலிருந்து அழுத்தத்தோடு வரும் தண்ணீரால் தீயணைப்புக்குப் புதுத் தெம்பு கிடைத்திருந்த காலம். ஆனால் அன்றைக்கு அது உதவவில்லை. எரியும் விஸ்கி தெருவில் ஆறாக ஓடியது, தண்ணீர் அடித்தால் இன்னும் பரவும். தீயணைப்புத் தலைவர் இங்க்ரம் சாணியைக் கொட்டி அணை கட்டச் சொன்னார். 13 பேர் செத்தார்கள், ஒருவர்கூடத் தீயில் இல்லை. ஓடிய விஸ்கியை மொண்டு குடித்தே செத்தார்கள்.

கிரேயை ரொம்பவும் தூக்கிப் பிடிக்கவும் கூடாது. நல்ல தண்ணீர் வந்த பிறகும் டப்ளின் ஏழைகளின் சாவு விகிதம் பல பத்தாண்டுகள் அதிகமாகவே இருந்தது. ஒரு காலத்துப் பணக்கார மாளிகைகளில் அறைக்கொரு குடும்பமாக அடைந்து கிடந்தவர்களுக்கு முற்றத்தில் ஒரே குழாய், ஒரே கழிப்பிடம். கழிவுநீர் நேரே லிஃபியில் கலந்தது. முறையான பெருங்கழிவுநீர்த் திட்டம் முடிய 1906 ஆனது. உள்ளே வரும் தண்ணீரைச் சரிசெய்தவர்கள், வெளியே போகும் தண்ணீருக்கு நாற்பது வருடம் எடுத்துக்கொண்டார்கள்.

ஞாயிறு: கில்லைனி

கடைசி நாள். கடலோரமாகவே ஓடும் டார்ட் ரயிலில் கில்லைனி. ரயில் ஒரு சுரங்கத்திலிருந்து வெளியே வந்ததும் வளைகுடா முழுசாக விரிகிறது. கூழாங்கல் கடற்கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க முடியாது, குத்தும்.

1868 செப்டம்பரில் புயலில் ஒரு பாய்மரக் கப்பல் இங்கே சிக்கி உடைந்தது. கிரேயின் மகன் எட்மண்ட் கடலில் நீந்திப் போய் ஐந்து பேரைக் காப்பாற்றினார். அதைக் கரையிலிருந்து பார்த்தவர்களில் கேரோலைன் ஆக்னஸ் சிஷோம் என்ற பெண்ணும் ஒருவர். அடுத்த வருடம் இருவருக்கும் கல்யாணம். சினிமா மாதிரி இருந்தாலும் நடந்த கதைதான்.

இந்தப் பெண்ணின் அம்மா கேரோலைன் சிஷோமை ஆஸ்திரேலியாவில் எல்லாருக்கும் தெரியும். ஆதரவில்லாமல் வந்திறங்கிய பெண்களுக்கு வேலையும் வீடும் தேடிக்கொடுத்தவர். அவர் படம் பல வருடம் ஐந்து டாலர் நோட்டில் இருந்தது. ஆனால் அவர் தன் வேலையைத் தொடங்கியது நம் மெட்ராஸில். கணவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் படையில் இருந்தார். 1834-இல் அங்கே ஐரோப்பியச் சிப்பாய்களின் மகள்களுக்காக ஒரு தொழிற்பள்ளி ஆரம்பித்தார். படிப்போடு சமையல், வீட்டு நிர்வாகம், நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். டப்ளின் குடிநீரின் வாலைப் பிடித்துக்கொண்டு போனால் மெட்ராஸில் போய் நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

எட்மண்ட் 1880-இல் டப்ளின் மேயரானார். அப்பா மறுத்த நாற்காலி. அவருடைய மகன், அதே பெயர்க்காரர், ஆஸ்திரேலியாவுக்குப் போய்ப் பத்திரிகை நடத்தி, அரசியலில் இறங்கி, 1939-இல் டாஸ்மேனியாவின் முதல்வராகவும் ஆனார். குடும்பத் தொழில் விடவில்லை. டாஸ்மேனியப் பயணத்துக்கு யாராவது துணை வந்தால் சொல்லுங்கள், அந்தப் பாகத்தையும் எழுதிவிடலாம்.